பதின்மூன்றாம் மாதத்திலிருந்து பின்னோக்கி: அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்ற குழுவுக்கு ஒரு கையேடு

கனடாவில் ஓர் அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்யும் குழு, அவர்கள் வந்திறங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கு வாடகை, சாப்பாடு, உடுப்பு, வழித்துணை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பெரும்பாலான குழுக்களின் முதல் கூட்டம் விமான நிலையத்துக்கு யார் போவது, பூங்கொத்தை யார் வாங்குவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. பிழை அங்கேதான் தொடங்குகிறது. குழுவின் காசு நின்றுபோன பதின்மூன்றாம் மாதம் முதலாம் திகதி, அந்தக் குடும்பம் எதைக்கொண்டு வாடகை கட்டும்? இந்தக் கேள்வியை முதலில் வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். எந்த வீடு, எந்தத் தொலைபேசித் திட்டம், எந்த வகுப்பு என்பதற்கெல்லாம் விடை அதிலேயே இருக்கிறது.

இது ஒன்ராறியோவில், முக்கியமாக ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் குழுக்களுக்கு எழுதப்பட்டது. ஐவர் குழுக்களிடமிருந்தும் (ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஸ்பொன்சர் செய்யும் குழுக்கள்) சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பங்களை எடுப்பதைக் குடிவரவுத் திணைக்களம் 2024 நவம்பர் 29 அன்று நிறுத்தி வைத்தது. அதற்கு முன் போட்ட விண்ணப்பங்களின் வழியாகவும், அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் தேவாலயங்கள் முதலிய அமைப்புகளின் வழியாகவும் வருகிறவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். படிவம் நிரப்பும் கதை இதில் இல்லை.

நம்மவர் அனுபவம் எங்கே கைகொடுக்காது

தமிழர்கள் சேர்ந்து அமைத்த குழுவென்றால் ஒரு விஷயத்தை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தார்களே, அந்தக் காலம் தொட்டு நம்மில் கனபேர் தாமாக வந்துசேர்ந்து, இங்கே வைத்து அகதிக் கோரிக்கை போட்டவர்கள். வழக்கு, விசாரணை, வேலை அனுமதி, தற்காலிகமாக இருப்போருக்கு 9இல் தொடங்கும் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் என்பதுதான் நமக்குப் பழகிய பாதை. ஸ்பொன்சரில் வருகிறவர் விமான நிலையத்திலேயே நிரந்தர வதிவாளர் ஆகிவிடுகிறார். அவருக்கு வழக்கு இல்லை, வேலை அனுமதி தேவையில்லை, சின் இலக்கம் 9இல் தொடங்காது. கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்டால் அது பிழை, உடனே திருத்தச் சொல்லலாம். ஆகவே "நாங்கள் வந்த நேரம் இப்படித்தான் செய்தோம்" என்று தொடங்கும் ஆலோசனை எதையும் சரிபார்க்காமல் குடும்பத்திடம் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் ஸ்பொன்சர் குழுக்களுக்கென்றே இயங்கும் அகதி அனுசரணைப் பயிற்சித் திட்டத்திடம் கேட்கலாம்; அது இலவசம்.

கணக்கு

ஒரு தாளில் பதின்மூன்றாம் மாதத்து வரவை எழுதுங்கள். அப்பா, அம்மா, 4 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களில் ஒருவர் முழுநேர வேலையில் இருக்கிறார், மற்றவர் இன்னும் ஆங்கில வகுப்பில். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். கிழமைக்கு 37.5 மணித்தியாலம் வேலை செய்தால் ஆண்டுக்கு 34,320, அதாவது மாதம் 2,860. பிடித்தம் போகக் கையில் 2,500 சொச்சம். கனடா பிள்ளைகள் கொடுப்பனவு 2025 யூலை தொடக்கம் 2026 யூன் வரைக்கும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலர் வரை, 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர் வரை. இந்தக் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 1,230. இந்த ஊதிய மட்டத்தில் அந்தக் கொடுப்பனவு குறையாது. இரண்டும் சேர்த்து 3,730. ஒன்ராறியோவின் சிறு கொடுப்பனவுகள் கொஞ்சம் மேலே வரும், அவற்றை அவசரத்துக்கு என்று விட்டுவிடுங்கள்.

இப்போது வாடகை. மாதம் 2,400 டொலருக்கு அழகான இரண்டறை அப்பார்ட்மெண்ட் கிடைத்தால் குழுவுக்குச் சந்தோசம். 12 மாதமும் குழு சமாளித்துவிடும். பதின்மூன்றாம் மாதத்தில் அந்த வீடு குடும்ப வரவில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கும். 1,800 டொலருக்கு வெளிச்சமான பேஸ்மெண்ட் கிடைத்தால், பாதிக்குச் சற்றுக் குறைவு. அதுவே இறுக்கம்தான், ஆனால் தாங்கும். வேலை கிடைக்காமல் ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவிப்பணத்தில் விழுந்தால் தனி ஆளுக்கு மாதம் 733 டொலர்தான். தனி ஆளைப் பொறுப்பேற்ற குழு, முதல் நாளிலிருந்தே இன்னொருவரோடு பகிர்ந்து வாழும் அறையைத் தேடுவது இரக்கமின்மை அல்ல, கணக்கு.

குழு திரட்டவேண்டிய தொகைக்கு அரசு ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அது குறைந்தபட்சம் மட்டுமே. ரொறன்ரோ வாடகையை வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை நடைமுறையில் போதாது. தொடக்கச் செலவையும் மாதச் செலவையும் தனித்தனியாகப் போட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பல், கண்ணாடி, சாவி தொலைந்த இரவு, மூட்டைப்பூச்சி மருந்து எல்லாம் அதிலிருந்துதான் போகும். தளபாடம் இலவசமாக வந்தது, ஒருவர் அரிசி வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக மாதக் காசைத் தாறுமாறாகக் குறைக்க முடியாது. கைக்காசு கைக்காசாகவே போகவேண்டும்.

இன்னொன்று. குடும்பத்திடம் நேராகவோ இங்குள்ள உறவினர் வழியாகவோ "நீங்கள் இவ்வளவு கட்டுங்கள், நாங்கள் மாதாமாதம் திருப்பித் தருகிறோம்" என்று ஸ்பொன்சருக்காக அகதியின் காசை முன்கூட்டி வாங்குவதும், பிறகு திருப்பிக் கேட்பதும் தடைசெய்யப்பட்டவை. ஊருக்குள் இது சர்வசாதாரணமாகப் பேசப்படுகிறது என்பதால் சொல்கிறோம்.

வீடு

விசா கிடைத்த செய்திக்கும் பயணத் திகதிக்கும் இடையே பல மாதம் போகலாம். திகதி உறுதியானபின் பத்துப் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே கையில் இருக்கலாம். முன்கூட்டியே வாடகைக்கு எடுத்து வெறும் வீட்டுக்குக் காசு கட்டிக்கொண்டிருக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று கிழமைக்குக் குழு உறுப்பினர் வீட்டின் ஒரு தளமோ தற்காலிக அறையோ ஒழுங்கு செய்துவிட்டு, நிரந்தர வீட்டைக் குடும்பத்தோடு சேர்ந்து பாருங்கள். வீட்டைத் தேர்ந்ததில் அவர்களுக்கும் பங்கிருந்தால் மூன்றாம் மாதத்தில் "இந்த இடம் வேண்டாம்" என்ற சிக்கல் குறையும்.

ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டுமே முன்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கு என்று வைப்புப் பணம் கேட்பது சட்டப்படி செல்லாது. சாவிக்கு, அதன் விலைக்கு மேற்படாத, திருப்பித் தரக்கூடிய தொகை வாங்கலாம். "கனடாவில் கடன் வரலாறு இல்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுங்கள்" என்பார்கள். அதற்குப் பதிலாகக் குழுவின் வங்கிக் கணக்கு விபரம், ஸ்பொன்சர் உறுதிக் கடிதம், 12 மாத வாடகைக்கு யார் பொறுப்பு என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகிய மூன்றையும் உறையில் போட்டுக் கொடுங்கள். பல வீட்டுக்காரர்களுக்கு அது போதும். மாகாணத்தின் நியம வாடகை ஒப்பந்தப் படிவத்தில் எழுதிக் கேளுங்கள். வெறும் வாய்ப்பேச்சில் எடுத்த பேஸ்மெண்டுக்குப் பின்னாளில் முகவரிச் சான்று காட்ட முடியாது.

ஒப்பந்தத்தில் யார் பெயர்? குடும்பத்தின் பெயரே இருக்கட்டும். குழு உறுப்பினர் பிணை கையெழுத்துப் போட்டால் அது 12 மாதத்தில் தானாக முடியாது. வாடகை நின்றால் பதினெட்டாம் மாதத்திலும் அவரைத்தான் தேடுவார்கள். போடுவதென்றால் முடிவுத் திகதியை எழுதி வாங்குங்கள்.

பழைய தளபாடத்தில் மேசை, கதிரை, அலுமாரி, பாத்திரம் எதையும் வாங்கலாம். மெத்தை மட்டும் புதிது. மூட்டைப்பூச்சி ஒருமுறை ஏறினால் அந்த மெத்தையின் விலையைப்போலப் பல மடங்கு செலவு, அதைவிட அவமானம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். பக்கம் இறங்கும் பழைய மாதிரித் தொட்டில் கட்டிலும், சில்லு வைத்த குழந்தை நடைவண்டியும் கனடாவில் விற்கத் தடை. "எங்கள் பிள்ளைக்குப் பாவித்ததுதான்" என்று யாராவது கொண்டுவந்தால் நன்றி சொல்லித் திருப்பிவிடுங்கள். காரில் வைக்கும் குழந்தை இருக்கைக்குக் காலாவதித் திகதி உண்டு, அடியில் அச்சிட்டிருக்கும்.

விமான நிலையம்

பிள்ளைகளின் வயதையும் நிறையையும் முன்கூட்டியே கேளுங்கள். ஒன்ராறியோவில் 9 கிலோ வரை பின்பக்கம் பார்த்த இருக்கை, 9 முதல் 18 கிலோ வரை முன்பக்கம் பார்த்தது, அதற்கு மேல் 8 வயதோ 36 கிலோவோ 145 சென்ரிமீற்றர் உயரமோ, எது முந்துகிறதோ அதுவரை உயர்த்தி இருக்கை. இரண்டு வான் போதும் என்று போய் இருக்கை இல்லாமல் நள்ளிரவில் நின்ற குழுக்கள் உண்டு. குடும்பத்தின் கையில், பயணத்தை ஒழுங்கு செய்த சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் (IOM) பெயர் எழுதிய பிளாஸ்டிக் பை இருக்கும். எல்லா ஆவணமும் அதற்குள். அந்தப் பை எந்தக் காரில் ஏறுகிறது என்பதை ஒருவர் பொறுப்பாகப் பார்க்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நாட்டின் பெயரை நம்பாதீர்கள். எரித்திரியா என்றால் திக்ரினியாவா வேறு மொழியா, ஆப்கானிஸ்தான் என்றால் டாரியா பஷ்தோவா, சிரியா என்றால் அரபா குர்தியா என்று மொழியைக் கேளுங்கள். ரோஹிங்கியாக் குடும்பத்துக்குப் பர்மிய மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவது இரண்டு விதத்தில் பிழை: மொழியும் பொருந்தாமல் போகலாம், பயமும் கிளம்பலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கொஞ்சம் வருகிறது என்று அதனிடம் அப்பாவின் நோயை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்.

வருகிற குடும்பமே தமிழ்க் குடும்பம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து வருகிறது என்றால் மொழிச் சிக்கல் இல்லை; வேறொன்று உண்டு. "எந்த ஊர், எந்தப் பக்கம், ஆர் ஆக்கள்?" என்ற விசாரிப்பு முதல் கோப்பைத் தேநீருக்குள் வந்துவிடும். குழுவில் இருவர் மட்டும் குடும்பத்தின் விபரம் அறிந்தால் போதும் என்று தீர்மானம் எழுதுங்கள். யாரோ ஒருவர் கலியாண வீட்டில் சொன்ன சொல், பின்னால் விட்டுவந்த உறவுக்கு ஆபத்தாகப் போகலாம். விமான நிலையப் படத்தை முகநூலில் போடாமலிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சம்மதம் கேட்டோம் என்பீர்கள். வாடகை கட்டுகிறவர் கேட்டால் யார் மறுப்பார்?

முதல் இரவுக்கு விருந்து வேண்டாம். இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்தவர்களுக்குச் சூடான சூப்பு, உரொட்டி அல்லது சோறு, முட்டை, வாழைப்பழம், பால், சீனி, தேயிலை. முஸ்லிம் குடும்பமென்றால் ஹலால். குளிர்காலமானால் ஆளுக்கொரு கோட், தொப்பி, கையுறை காரில் இருக்கட்டும். பனிச்சப்பாத்து கால் அளந்து பிறகு வாங்கவேண்டியது. யூலையில் வருகிற பிள்ளைக்கு அப்போதைய அளவில் கோட் வாங்கி வைத்தால் டிசம்பருக்குள் அது சிறுத்துவிடும்.

அடுத்த நாள் வீட்டைக் காட்டுங்கள். கதவுப் பூட்டு, அடுப்பு, புகை எச்சரிக்கைக் கருவி (தாளிக்கும்போது அலறும், மின்கலத்தைக் கழற்றாமல் யன்னலைத் திறக்கவேண்டும்), குப்பைத் தொட்டிகளின் நிறம், 911. முகவரியையும் தங்கள் மொழியின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்குங்கள். குழாயையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஏதோ அதிசயம் போல விளக்கத் தொடங்காதீர்கள். அலெப்போவில் மருந்துக்கடை வைத்திருந்தவரின் சமையலறை உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்திருக்கலாம்.

முதல் இரண்டு கிழமை: எது எதற்கு முன்

ஆவணங்களில் ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தியதைக் கேட்கும்.

1. நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரத்தை ஆளுக்கு மூன்று படி எடுங்கள். மூலத்தை எவருக்கும் தபாலில் அனுப்பவேண்டாம். பெயரையும் பிறந்த திகதியையும் அன்றே ஒப்பிடுங்கள்.
2. சேர்விஸ் கனடா அலுவலகத்தில் சின் இலக்கம், பிள்ளைகளுக்கும் சேர்த்து. கட்டணமில்லை. தாளில் தருவார்கள், அட்டை வராது. பையில் சுமந்து திரியாமல் வீட்டில் வைக்கவேண்டிய தாள்.
3. வங்கிக் கணக்கு. மனைவிக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். பிள்ளைகள் கொடுப்பனவு பெரும்பாலும் தாயின் பெயரில்தான் வரும்.
4. சேர்விஸ் ஒன்ராறியோவில் சுகாதார அட்டை. காத்திருப்புக் காலம் இல்லை. முகவரிச் சான்று கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தம் அல்லது முகவரி அச்சிட்ட வங்கிக் கூற்று. பெரும்பாலானோர் திரும்பி வருவது இந்தக் கட்டத்தில்தான்.
5. பிள்ளைகள் கொடுப்பனவு: ஆர்சி66 படிவமும் அதன் இணைப்பான குடிவரவு நிலை, வருமானத் தாளும். வருவதற்கு முந்திய ஆண்டுகளின் வருமானத்தைக் கனேடிய டொலரில் கேட்கும். முகாமில் வருமானம் இல்லையென்றால் வெறுமையாக விடாமல் 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் கண்டால் கடிதம் வரும், இரண்டு மாதம் போகும். முதல் காசு வரத் தாமதித்தாலும் தகுதியான மாதங்களுக்குச் சேர்த்துத் தருவார்கள்.
6. நிரந்தர வதிவாளர் அட்டைக்கு முகவரி கொடுத்தாயிற்றா? 180 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் மறுபடி விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டவேண்டும். தற்காலிக முகவரியைக் கொடுத்துவிட்டு வீடு மாறியவர்களின் அட்டை காணாமற்போவது வழக்கம்.

பெயர் விஷயத்தில் தமிழருக்குத் தனியாகப் பாடம் நடத்தவேண்டியதில்லை: தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர் வரும். எரித்திரியர், சோமாலியர், ஆப்கானியர் பலருக்கும் இதே கதைதான். பிறந்த திகதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டிருக்கும். ஐந்து பேருக்கும் ஒரே பிறந்தநாள் இருந்தால் அது மோசடி அல்ல என்று பாடசாலைக் காரியாலயத்துக்கு நீங்கள்தான் விளக்கவேண்டியிருக்கும். முக்கியம்: உறுதிப்பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் பிழையாகவே இருந்தாலும், திருத்தி முடியும்வரை எல்லாப் படிவத்திலும் அதே எழுத்துக்கூட்டல். வங்கியில் ஒன்று, சுகாதார அட்டையில் ஒன்று என்று போனால் வருமான வரி நேரத்தில் முடிச்சு அவிழாது.

வங்கியும் தொலைபேசி நிறுவனமும் "புதிதாக வந்தோருக்கு முதலாண்டு இலவசம்" என்று தருவது சரியாகப் பதின்மூன்றாம் மாதத்தில் கடிக்கும். கணக்கு திறந்த திகதியைக் குழுவின் நாட்காட்டியில் குறித்து, பதினோராம் மாதத்தில் குறைந்த கட்டணக் கணக்குக்கு மாற்றுங்கள். கைத்தொலைபேசியை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாங்கவே வேண்டாம்.

மருத்துவம்

ஆவணப் பையில் மருத்துவக் கண்காணிப்பு அறிவித்தல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காசநோய்த் தழும்பு போன்ற காரணத்துக்காகக் கொடுக்கப்படும் அந்தத் தாள் இருந்தால், வழக்கமாக 30 நாட்களுக்குள் பொதுச் சுகாதார அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவேண்டும். இது நோய் இருக்கிறது என்ற முத்திரை அல்ல; குடும்பத்துக்கு அப்படியே விளக்குங்கள்.

சுகாதார அட்டை வரும்வரைக்கும், அதன்பிறகு மருந்து, பல், கண் போன்றவற்றுக்கும் கூட்டாட்சி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. மருத்துவரோ மருந்துக்கடையோ அதில் பதிவு செய்திருக்கவேண்டும். போவதற்கு முன் தொலைபேசியில் "இந்தத் திட்டத்தை எடுப்பீர்களா, எங்கள் பங்கு எவ்வளவு" என்று கேளுங்கள். கேட்காமல் போய்க் கையிலிருந்து கட்டினால் நோயாளிக்கு அந்தக் காசு திரும்பாது. மருந்து, பல், கண் பகுதி ஸ்பொன்சர் காலத்தோடு முடிகிறது. ஆகவே கண்ணாடியையும் பல் வேலையையும் பத்தாம் மாதத்துக்குள் முடியுங்கள். அதன்பிறகு 24 வயதுவரை மருந்துக்கு மாகாணத் திட்டம் உண்டு. பெரியவர்களுக்கு டிரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல்லுக்குக் கூட்டாட்சித் திட்டம் உண்டு, ஆனால் அதற்கு வருமான வரி தாக்கல் செய்திருக்கவேண்டும்.

நித்திரை வராமை, பிள்ளைகள் திடீரென்று மூர்க்கமாவது, வகுப்பில் எதுவுமே ஏறாமை ஆகியவை மூன்றாம் நான்காம் மாதத்தில், அலைச்சல் ஓய்ந்தபிறகே தலைகாட்டும். நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய நிலையம் இருக்கிறது. அந்த இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, போவதற்குப் பேருந்துக் காசும் பிள்ளை பார்க்க ஒரு ஆளும் ஒழுங்கு செய்வது குழுவின் வேலை. மற்ற எதற்கும் வழி தெரியாவிட்டால், சமூக சேவைகளைப் பற்றித் தகவல் தரும் 211 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

காசைக் கையில் கொடுப்பது

மாதக் காசு ஒரே திகதியில், வங்கி வழியாக, பெரியவர்களின் கணக்குக்குப் போகட்டும். பல கேள்வி கேட்டு, கடைக்குக் கூட்டிப்போய், ரசீது பார்த்துக் கொடுப்பது காவல். முதல் மாதம் அவர்கள் இறைச்சிக்கு அதிகம் செலவழித்துவிட்டு இருபத்தைந்தாம் திகதி தடுமாறினால், அதுவும் பாடம். மூன்றாம் மாதத்தில் அவர்களே கணக்கு வைத்திருப்பார்கள். குழு தன் பங்குக்கு ஒவ்வொரு கொடுப்பனவின் பதிவையும் வைத்திருக்கவேண்டும், திணைக்களம் கேட்கக்கூடும்.

பிள்ளைகள் கொடுப்பனவு வரத்தொடங்கியதும் "இனி எங்கள் பங்கை அவ்வளவுக்குக் குறைப்போம்" என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அது முடியாது, அந்தக் காசு பிள்ளைகளுடையது, மாத உதவியிலிருந்து கழிக்கக்கூடாது. வேலை கிடைத்தாலும் உடனே வெட்டமுடியாது. மாத உதவியின் பாதி அளவுக்குச் சம்பாதிக்கும்வரை எதையும் குறைப்பதில்லை. அந்தச் சேமிப்புத்தான் பதின்மூன்றாம் மாதத்து வாடகையாக நிற்கப்போகிறது என்று விளக்கினால் சண்டை ஓயும்.

குடும்பம் ஆறாம் மாதத்தில் "கல்கரியில் மாமா இருக்கிறார், போகிறோம்" என்றால்? போகலாம். நிரந்தர வதிவாளர் எங்கும் வாழலாம். உடனே எழுத்தில் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கோபத்தில் காசை நிறுத்தினால் கடமை தவறியது நீங்களாகிவிடலாம்.

பாடசாலை, ஆங்கிலம், வேலை

பாடசாலை எளிது. அந்த ஆண்டில் 4 வயதாகும் பிள்ளை இளம் பாலர் வகுப்பில் சேரலாம். 6 முதல் 18 வரை கட்டாயம். தடுப்பூசிப் பதிவு இல்லையென்றால் சேர்க்கை நிற்காது, ஆனால் பொதுச் சுகாதார அலுவலகம் பின்னால் கேட்கும். ரொறன்ரோவில் 12 வயது வரை பேருந்து, சுரங்க ரயில் இலவசம்.

ஆங்கிலம் சிக்கலானது. மதிப்பீட்டுக்கு முதல் கிழமையிலேயே நேரம் எடுங்கள். லிங்க் (புதிதாக வந்தோருக்கான அரசின் மொழி வகுப்பு) இலவசம், ஆனால் பிள்ளை பராமரிப்போடு உள்ள வகுப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். நடப்பது என்னவென்றால், கணவர் வகுப்புக்குப் போவார், மனைவி கைக்குழந்தையோடு வீட்டில். பன்னிரண்டாம் மாதத்தில் அவருக்குப் பேருந்து இலக்கம்கூடக் கேட்கத் தெரியாது. அதனால் பராமரிப்பு உள்ள இடம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அது அவருக்கு. கணவருக்கு மாலை வகுப்பு.

முதல் வேலையைப் பற்றி இரண்டு பக்கமும் வாதம் உண்டு. "உடனே தொழிற்சாலைக்கு விடுங்கள், காசு வரும்" என்பது ஒன்று. "ஒரு வருடம் முழுக்க படிக்கட்டும்" என்பது மற்றது. நாலைந்து மாதம் முழுநேர ஆங்கிலம், பிறகு பகுதிநேர வேலை, எட்டாம் மாதத்தில் முழுநேரம் என்பது நல்ல நடு வழி. கையில் காசாக, ரசீதில்லாமல் தரும் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஊதியச் சீட்டு இல்லாதவருக்கு அடுத்த வீடு கிடைக்காது.

தவறினால் திருத்தமுடியாத மூன்று

ஒரு வருட ஜன்னல். கணவனோ மனைவியோ 22 வயதுக்குட்பட்ட பிள்ளையோ வெளிநாட்டில் நின்றுவிட்டிருந்தால், அவர்கள் பெயர் முதல் விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்குமானால், வந்திறங்கிய ஒரு வருடத்துக்குள் அவர்களுக்காக விண்ணப்பிக்கலாம். 366ஆம் நாள் இந்த வழி மூடிவிடும். முதல் மாதத்திலேயே, தனியாக, மொழிபெயர்ப்பாளரோடு கேளுங்கள். பெயர் எழுதப்படாமல் விட்டிருந்தால் குழுவே யோசனை சொல்லாமல் சட்ட உதவிக்கு அனுப்புங்கள்.

பயணக் கடன். விமானச் சீட்டுக்கு அரசு கொடுத்தது கடன். 2018 பெப்ரவரியிலிருந்து வட்டி இல்லை. திருப்பிக் கட்டுவது வந்து ஒரு வருடத்துக்குப் பின். அதாவது, அதே பதின்மூன்றாம் மாதம். மேலே போட்ட கணக்கில் அதற்கும் ஒரு வரி சேருங்கள். கட்டமுடியாவிட்டால் தவணையைக் குறைக்கக் கேட்கலாம், ஆனால் கடிதம் பழைய முகவரிக்குப் போனால் அதுவும் முடியாது.

மூன்றாவது, ஊருக்குப் போவது. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது, இனி என்ன பயம் என்று சொந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, தங்கை கலியாணத்துக்குப் போய்வருகிறார்கள். 2012 டிசம்பருக்குப் பிறகு, அகதிப் பாதுகாப்பு அந்தக் காரணத்தால் நீக்கப்பட்டால் நிரந்தர வதிவிடமும் கூடவே போகும். குடியுரிமை எடுக்கும்வரை, அதாவது ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாள் இங்கே இருந்து, விண்ணப்பித்து, சத்தியம் செய்து முடிக்கும்வரை, இந்த ஆபத்து தொடரும். வெளியே போகவேண்டுமானால் அகதிப் பயண ஆவணம் எடுக்கலாம். அதையும் வைத்துக்கொண்டு தப்பி வந்த நாட்டுக்குப் போகக்கூடாது. "நான் போய்வந்தனான், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல நம் தெருவில் ஒரு அண்ணர் இருப்பார். அவர் குடியுரிமை எடுத்தவர்.

பத்தாம் மாதத்திலிருந்து

வருமான வரி தாக்கல் ஏப்ரல் 30க்குள், கணவன் மனைவி இருவரும், வருமானம் இல்லாவிட்டாலும். நவம்பரில் வந்தவர்களும் அந்த வருடத்துக்குத் தாக்கல் செய்யவேண்டும். செய்யாவிட்டால் யூலையில் பிள்ளைகள் கொடுப்பனவு நின்றுவிடும். வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு காணாமற்போகும். தன்னார்வலர் நடத்தும் இலவச வரி முகாம்கள் மார்ச்சில் தொடங்கும்.

பத்தாம் மாதம் குடும்பத்தோடு உட்கார்ந்து முதல் நாள் எழுதிய தாளை எடுங்கள். வரவு வாடகைக்குப் போதவில்லையென்றால் மலிந்த வீட்டுக்கு மாற இன்னும் நேரமிருக்கிறது. ஒப்பந்தம் முடிகிற திகதிக்கு 60 நாள் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். உதவிப்பணம்தான் வழியென்றால் விண்ணப்பத்தைப் பதின்மூன்றாம் மாதம் தொடங்குவதற்குச் சில கிழமை முன்னதாகத் தயார்செய்து, ஸ்பொன்சர் காலம் முடியும் திகதியைக் காட்டும் கடிதத்தையும் வைத்துக் கொடுங்கள். அந்தத் திகதிக்கு முன் உதவிப்பணம் எடுத்தால் குழு கடமை தவறியதாகக் கணக்காகலாம்.

கடைசிக் கூட்டத்தில் ஒரு கோப்பைக் கையளியுங்கள்: எல்லா ஆவணத்தின் படியும், சின் தாள்கள், தடுப்பூசிப் பதிவு, வாடகை ஒப்பந்தம், வரி மதிப்பீட்டு அறிவித்தல், கடன் கணக்கு இலக்கம், முகவரி மாறினால் அறிவிக்கவேண்டிய அலுவலகங்களின் பட்டியல். குழு வைத்திருக்கும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களுடைய வங்கிக் கணக்கிலோ கொடுப்பனவுக் கணக்கிலோ யாராவது ஒரு உறுப்பினரின் மின்னஞ்சல், கடவுச்சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் அன்றே மாற்றுங்கள்.